பத்து மாட்டுக்கு ஒரே சட்டியா? கறவையைப் பார்த்துப் பிரித்துத் தீவனம் வைக்கும் முறை

எங்கள் கட்டுத்தரையில் பத்து மாடுகள் நிற்கின்றன. எல்லாம் ஜெர்சி கலப்பு. ஈரோடு மாவட்டத்துக் கிராமம், கிணற்றுப் பாசனம், ஒன்றரை ஏக்கரில் தீவனப்புல். சில வருஷங்களுக்கு முன்புவரை தீவனம் வைப்பது முழுக்க அம்மாவின் வேலை. அதற்கென்று ஒரு பழைய அலுமினியச் சட்டி உண்டு. ஊறவைத்த புண்ணாக்கும் தவிடும் பருப்புப் பொட்டும் கலந்ததை அந்தச் சட்டியால் அள்ளி, காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று முதல் மாட்டிலிருந்து கடைசி மாடு வரை ஒரே அளவாகப் போட்டுக்கொண்டே போவார். நேற்றுக் கன்று போட்ட மாட்டுக்கும் அதே சட்டிதான், பால் மறுத்து நிற்கும் சினை மாட்டுக்கும் அதே சட்டிதான்.

ஒருநாள் கேட்டதற்கு அம்மா சொன்னது இது: "எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் வெக்கோணும் கண்ணு. ஒண்ணு பாத்துட்டு நிக்கறப்ப இன்னொண்ணுக்கு மட்டும் அதிகமா வெச்சா பாவம்."

மாட்டின் மேல் பாசம் உள்ள எந்த வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதே அம்மா, அக்கா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தபோது அவளுக்குத் தனியாகப் பூண்டுக் குழம்பு வைத்தார், தாத்தாவுக்குக் குழைந்த சோறு தந்தார், எனக்கு மிச்சம் இருந்ததைப் போட்டார். யாருக்கு எது தேவையோ அதைப் பார்த்துப் பரிமாறினார். கறவை மாட்டுக்கும் அப்படித்தான் பரிமாற வேண்டும். கறவையின் அளவைப் பார்த்து மாடுகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஏற்ற தீவனம் கொடுப்பது என்று பண்ணை நூல்கள் சொல்வது இதைத்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கலப்பினப் பசுவுக்கு அடர்தீவனம், அதாவது புண்ணாக்கும் தவிடும் தானியமும் கலந்த தீனி, எவ்வளவு என்பதற்கு நம் ஊரில் பல காலமாகச் சொல்லிவரும் ஒரு எளிய விதி இருக்கிறது. உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ. அதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. ஏழு மாதத்துக்கு மேல் சினையாக இருந்தால் வயிற்றில் வளரும் கன்றுக்காக இன்னொரு ஒன்றரை கிலோ. புல் போன்ற பசுந்தீவனமும் வைக்கோல் போன்ற உலர்தீவனமும் இதற்கு மேல் தனி.

இப்போது பத்து மாட்டுக் கட்டுத்தரையை எடுத்துக்கொள்வோம். மூன்று மாடு தினம் 15 லிட்டர், நான்கு மாடு 10 லிட்டர், இரண்டு மாடு 5 லிட்டர் கறக்கின்றன. ஒன்று வற்றி, சினையாக நிற்கிறது. விதிப்படி 15 லிட்டர் மாட்டுக்கு ஏழரை கிலோ வேண்டும். 10 லிட்டர் மாட்டுக்கு ஐந்தரை, 5 லிட்டர் மாட்டுக்கு மூன்றரை, வற்றிய மாட்டுக்கு மூன்று. எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு ஐம்பத்து நாலரை கிலோ.

அந்த ஐம்பத்து நாலரையை அம்மாவின் சட்டி முறையில் பத்தாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய ஐந்தரை கிலோ. மூட்டைக் கணக்கு மாறவில்லை, செலவும் மாறவில்லை. ஆனால் 15 லிட்டர் மாட்டுக்கு இரண்டு கிலோ குறைகிறது. இரண்டு கிலோ என்றால் ஐந்து லிட்டர் பாலுக்கான தீனி. அந்தப் பக்கம் 5 லிட்டர் மாடு தேவைக்கு மேல் இரண்டு கிலோ சாப்பிடுகிறது, வற்றிய மாடு இரண்டரை கிலோ. நடுவில் இருக்கிற நான்கு மாட்டுக்கு மட்டும் அளவு சரியாக விழுகிறது. பத்தில் நாலு மாடு சரியாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தீவனம் சரியாகவே தெரிகிறது. மிச்சம் ஆறு மாட்டில் நடப்பது தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

ஒரு ஈத்தில் மாட்டின் உடம்பு போகும் வழி

ஏன் மாதக்கணக்கு? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாடு கன்று போட்டதும் பால் ஒரேயடியாக உச்சத்துக்குப் போவதில்லை. நாளுக்கு நாள் ஏறி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சம் தொடுகிறது. பிறகு மெல்ல மெல்ல இறங்கி, பத்து மாதத்தில் வற்றுகிறது. ஒரு ஈத்துக் கறவையை, அதாவது ஒரு கன்று போட்டதிலிருந்து வற்றும் வரை கறப்பதை, 305 நாள் என்று கணக்கு வைப்பது இதனால்தான்.

மாட்டின் பசி இந்தப் பாலின் வேகத்துக்கு வருவதில்லை. கன்று போட்ட புதிதில் வயிறு சுருங்கி இருக்கும். தீனி எடுப்பது மெதுவாகக் கூடி, பத்துப் பன்னிரண்டு வாரம் ஆன பிறகுதான் முழு அளவுக்கு வரும். அதாவது பால் உச்சத்தில் இருக்கும் நாளில் மாட்டால் அதற்கு ஈடாகத் தின்ன முடியாது. அப்போது குறையும் சத்தை எங்கிருந்து எடுக்கும்? தன் முதுகிலும் இடுப்பிலும் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பிலிருந்து எடுக்கும். நாம் மடியில் கறக்கிறோம், மாடு உடம்பைக் கரைத்துக் கொடுக்கிறது. நல்ல கறவை மாடு எல்லாமே இப்படித்தான். இந்த இறக்கத்தை முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்கத்தான் முடியும்.

இந்த நேரத்தில் அம்மாவின் சட்டியில் இரண்டு கிலோ குறைந்தால் என்ன ஆகும்? முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியாது, மாடு சளைக்காமல் கறக்கும். அப்புறம் விலா எலும்பு தெரிய ஆரம்பிக்கும். 15 லிட்டர் போக வேண்டிய மாடு 12-இல் நிற்கும், அதோடு இறங்கவும் தொடங்கிவிடும். உச்சத்தில் ஒரு லிட்டர் கூடினால் அந்த ஈத்து முழுக்க ஏறக்குறைய 200 லிட்டர் கூடும் என்று பால் பண்ணைக்காரர்கள் கணக்கு சொல்வார்கள். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உச்சத்தில் மூன்று லிட்டரை இழந்தால் வருஷத்துக்கு 600 லிட்டர் போச்சு. இன்னொரு இழப்பும் இருக்கிறது. உடம்பு இறங்கிய மாடு சீக்கிரம் பருவத்துக்கு வராது. வந்தாலும் சினை ஊசி நிற்காது. வருஷம் ஒரு கன்று என்பது ஒன்றரை வருஷத்துக்கு ஒரு கன்று என்று தள்ளிப்போகும்.

மறுபக்கம், ஈத்தின் கடைசியில் 5 லிட்டர் கறக்கும் மாடு தேவைக்கு மேல் தின்கிற இரண்டு கிலோ பாலாக மாறாது. அந்த மாட்டின் மடி இறங்கும் பருவத்தில் இருக்கிறது. அதற்கு மேல் போடுவதெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும்.

கொழுத்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்திருக்கிறேன். செவலை என்று கூப்பிடும் மாடு ஒன்று எங்களிடம் இருந்தது. பால் மறுத்த இரண்டு மாதமும் மற்ற மாடுகளோடு அதே ஐந்தரை கிலோ. முதுகு தட்டையாக, வாலடி நிரம்பி, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நல்லபடியாகக் கன்றும் போட்டது. பத்தாவது நாள் புண்ணாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோளத்தட்டை மட்டும் கொஞ்சம் கொறித்தது. 14 லிட்டர் எதிர்பார்த்த மாடு 6 லிட்டருக்கு வந்துவிட்டது. மூச்சில் ஒரு இனிப்பு வாடை, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை போல. கால்நடை டாக்டர் வந்து முகர்ந்த உடனே சொல்லிவிட்டார், கீட்டோசிஸ் என்று. கொழுத்த மாடு கன்று போட்ட பிறகு இன்னும் குறைவாகத்தான் தின்னும். அப்போது உடம்புக் கொழுப்பு ஒரேயடியாகக் கரைந்து கல்லீரலுக்கு வரும். கல்லீரலால் அத்தனையையும் எரிக்க முடியாமல் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் சேரும். பசி அடங்கிப்போவதும் அந்த வாடையும் அதனால்தான். நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றிச் சரியானது. ஆனால் அந்த ஈத்து முழுக்கச் செவலை எட்டு லிட்டரைத் தாண்டவில்லை. அதற்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து இரண்டு மாதம் நாங்கள் வைத்த தீனி அது. இன்றைக்கும் எனக்கு மனசு உறுத்துகிற விஷயம்.

சரி, எப்படிப் பிரிப்பது?

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்குக் குழு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மாட்டுக்கும் தனியாக அளந்து வைத்துவிடலாம். எட்டு பத்து மாடு என்று ஆகும்போதுதான் இந்த முறை தேவைப்படுகிறது. பத்து மாட்டுக்குப் பத்து அளவு நினைவில் வைத்துக்கொள்வது கடினம். ஒருநாள் நான் வைப்பேன், ஒருநாள் அப்பா வைப்பார், ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுத் தம்பி வைப்பான். மூன்று நாலு அளவு என்றால் யார் வைத்தாலும் தப்பாது. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கொட்டகைகளில் எல்லா மாடும் ஒரே காடியில், அதாவது தீனித் தொட்டியில், தின்னும் என்பதால் அங்கே தனித்தனியாக வைக்கவே வழியில்லை. பிரித்து அடைப்பது ஒன்றுதான் வழி.

முதல் வேலை, ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளப்பது. பால் சொசைட்டியில் கொடுக்கும் சீட்டில் மொத்தப் பால்தான் இருக்கும். எந்த மாடு எவ்வளவு என்று அதில் தெரியாது. 15 நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து இரண்டு நாள், காலைக் கறவையும் மாலைக் கறவையும் மாடு மாடாக அளந்து நோட்டில் எழுதிச் சராசரி எடுத்தால் போதும். முதல் முறை அளந்தபோது எங்களுக்கு ஆச்சரியம். நன்றாகக் கறக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்த மாடு 9 லிட்டர்தான். ஓரத்தில் அமைதியாக நின்ற ஒரு மாடு 14 லிட்டர். கறப்பவர் கைக்கு வேகமாக இறங்கும் மடியை அதிகப் பால் என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

லிட்டரோடு கொழுப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 5 சதவீதக் கொழுப்புள்ள 10 லிட்டர் பாலைச் சுரக்க மாட்டுக்கு ஆகும் சக்தி, 4 சதவீதக் கொழுப்புள்ள பதினொன்றரை லிட்டருக்கு ஆகும் சக்திக்குச் சமம். ஜெர்சி கலப்பில் கொழுப்பு கூடுதலாகவே இருக்கும். அதனால் எல்லைக்கோட்டில் நிற்கும் மாட்டை மேல் குழுவிலேயே வைப்பது என் வழக்கம்.

எங்கள் கட்டுத்தரையில் இப்போது இப்படி: 12 லிட்டருக்கு மேல் கறப்பதும், எவ்வளவு கறந்தாலும் கன்று போட்டு இரண்டு மாதம் ஆகாததும் முதல் குழு. அவற்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம், நல்ல காற்று வரும் இடத்தில் கட்டுகிறோம். ஒரு லிட்டர் பாலுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிற மாடுகள் அவை. ஏழிலிருந்து 12 வரை நடுக் குழு. ஏழுக்குக் கீழே கடைசிக் குழு. வற்றியவை சுவரோரம் தனியாக. ஒவ்வொரு குழுவின் முளைக்குச்சியிலும் ஒரு துணி கட்டியிருக்கிறது: சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. மாட்டை இடம் மாற்றிக் கட்டினாலே குழு மாறிவிடும். புது ஆள் வந்தாலும் துணியின் நிறத்தைப் பார்த்து அளவு போட்டுவிடலாம்.

இந்த 12, ஏழு எல்லாம் எங்கள் மாடுகளுக்கான எண்கள். நீலகிரி போன்ற மலைப்பகுதியில் ஃப்ரீசியன் கலப்பு 20, 25 லிட்டர் கறக்கும் இடத்தில் கோடு வேறு இடத்தில் விழும். நாட்டு மாடு என்றால் இன்னும் கீழே. நோட்டில் உள்ள அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே கோடு போட்டுக்கொள்ளலாம்.

பெரிய கொட்டகைகளில் ஒரு குழுவுக்கே ஒரே கலவையைக் கொட்டும்போது சராசரிப் பாலுக்குக் கணக்குப் போட்டால், சராசரிக்கு மேல் கறக்கும் மாடுகள் எல்லாம் பட்டினி. அதனால் மந்தையை மூன்று குழுவாகப் பிரித்தால் குழுவின் சராசரியைவிடச் சுமார் 10 சதவீதம் கூட்டியும், இரண்டு குழுவானால் 20 சதவீதம் கூட்டியும், பிரிக்கவே இல்லை என்றால் 30 சதவீதம் கூட்டியும் கணக்கிடுவார்கள். அந்த 30-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் குழு பிரிக்காததற்கு நாம் தினம் கட்டுகிற அபராதம். பால் பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிற தொழிலில் இது சின்னத் தொகை கிடையாது.

பால் அளவு மட்டும் பார்த்தால் போதாது

இங்கேதான் புதிதாகத் தொடங்குபவர்கள் தவறிவிடுகிறார்கள். நோட்டைப் பார்த்து, இந்த மாடு 10 லிட்டருக்கு இறங்கிவிட்டது, மஞ்சளுக்கு மாற்று என்று உடனே மாற்றிவிடுவார்கள். மாற்றும் முன் மாட்டின் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். வாலடியின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறதா? இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா? விலாவைத் தாண்டி, முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் குட்டை எலும்புகளின் நுனியை விரலால் எண்ண முடிகிறதா? உடல்நிலைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் முறை உலகம் முழுக்க இருக்கிறது. ஒன்று என்றால் எலும்பும் தோலும், ஐந்து என்றால் கொழுத்து உருண்டது. கன்று போடும்போது மூன்றிலிருந்து மூன்றரை இருப்பது நல்லது. பால் குறைந்திருந்தாலும் மாடு மெலிந்திருந்தால் சிவப்பிலேயே இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். இழந்த உடம்பை அது கறவையில் இருக்கும்போதே தேற்றிக்கொள்ள வேண்டும். வற்றிய பிறகு தேற்றப் பார்த்தால் என் செவலையின் கதைதான்.

தலையீத்து மாட்டுக்கு, அதாவது முதல் கன்று போட்ட மாட்டுக்கு, தனிக் கவனம். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை. உடல் பராமரிப்புக்கான தீனியில் முதல் ஈத்தில் 20 சதவீதமும் இரண்டாம் ஈத்தில் 10 சதவீதமும் வளர்ச்சிக்கென்று கூடுதலாகத் தரச் சொல்வார்கள். அது போக, பழைய மாடுகள் அதைக் காடியிலிருந்து முட்டித் தள்ளும். அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர்கள் இடம் இருந்தால் தலையீத்துகளை மட்டும் தனியாக ஒரு குழுவாக அடைத்துப் பாருங்கள். வேறு எதையும் மாற்றாமலே அவை கூடுதலாகத் தின்னும். கட்டி வளர்க்கும் எங்களைப் போன்றவர்கள் முட்டுகிற மாட்டிலிருந்து இரண்டு முளை தள்ளிக் கட்டினாலே போதும்.

கன்று போட்டு முதல் இரண்டு மாதம், இன்று கறக்கும் பாலுக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல், அதற்கு மேல் அரைக் கிலோ சேர்த்து வைத்துப் பார்ப்போம். நாலைந்து நாளில் பால் ஏறினால் இன்னொரு அரைக் கிலோ. ஏறவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடுவோம். மாட்டின் உச்சம் எது என்பதை மாடே சொல்லும். இந்தக் காலத்தில் பணத்தைப் பார்க்கக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. வருஷத்தில் மிச்சம் பிடிக்க எட்டு மாதம் இருக்கிறது, இந்த இரண்டு மாதத்தை விட்டுவிடுங்கள்.

வற்றிய 60 நாளையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முதல் நாற்பது நாள் சோளத்தட்டு, வைக்கோல், கொஞ்சம் பசும்புல், அளவான அடர்தீவனம் போதும். கடைசி மூன்று வாரத்தில் அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கன்று போட்ட பிறகு தின்னப்போகும் அதே கலவைக்கு வயிற்றைப் பழக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் வேலிமசால், குதிரைமசால், சவுண்டல் போன்ற சுண்ணாம்புச் சத்து மிகுந்த தழைகளைக் குறைப்பது நல்லது. வெளியிலிருந்து சுண்ணாம்புச் சத்து தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை மாட்டின் உடம்பு மறந்திருக்கும். கன்று போட்டதும் சீம்பாலுக்குத் திடீரென்று நிறையச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அப்போது ரத்தத்தில் அது சட்டென்று குறைந்து மாடு படுத்துவிடும், காது சில்லிட்டுக் கழுத்தை விலாப் பக்கம் மடக்கிக்கொள்ளும். அதுதான் பால் காய்ச்சல். காய்ச்சல் என்று பெயரே தவிர உடம்பு சுடாது. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை அது.

அளப்பதில் நடக்கும் தவறு

அம்மாவின் சட்டிக்கு வருவோம். அந்தச் சட்டியில் ஒருநாள் தவிட்டை நிரப்பித் தராசில் வைத்தோம், பிறகு அதே சட்டியில் புண்ணாக்குத் தூள், பிறகு மக்காச்சோள மாவு. மூன்றும் மூன்று எடை. தவிடு மிக லேசு. ஒரு சட்டி என்றால் ஒன்றரை கிலோ என்று மனசில் வைத்திருந்தோம், தவிட்டில் அது ஒரு கிலோவைக் கூடத் தொடவில்லை. அதனால் எல்லாவற்றையும் உலர்வாகவே கலந்து, கலந்த தீவனத்தைச் சட்டியில் போட்டு எடை பார்த்து, ஒரு கிலோ வரும் இடத்தில் ஆணியால் உள்பக்கம் ஒரு கோடு கீறிவிட்டோம். புதுக் கலவை போடும் ஒவ்வொரு முறையும் கோட்டைச் சரிபார்க்கிறோம். இந்தக் கோடு இல்லாமல் குழு பிரிப்பதில் பயனே இல்லை.

பசுந்தீவனத்திலும் இதே போன்ற ஏமாற்றம் உண்டு. 20 கிலோ கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் என்றால் பெரிய கட்டு. ஆனால் அதில் 16 கிலோ தண்ணீர், நாலு கிலோதான் சரக்கு. இந்தத் தண்ணீர் நீங்கிய எடையைத்தான் உலர்பொருள் என்கிறோம். மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் உலர்பொருள் தின்னும், நல்ல கறவையில் இன்னும் கொஞ்சம் கூடும். எடை தெரிய மேடைத் தராசு வேண்டியதில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை டேப்பால் அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனை வரை நீளத்தையும் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் தோராயமாகக் கிலோ வந்துவிடும். எங்கள் மாடு ஒன்றுக்குச் சுற்றளவு 68, நீளம் 56. கணக்குப் போட்டால் 392 கிலோ. ஆக அதற்கு 12, 13 கிலோ உலர்பொருள். ஏழரை கிலோ அடர்தீவனத்தில் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிடும். மீதி 20 கிலோ புல்லிலும் இரண்டரை கிலோ தட்டிலும் சரியாகும்.

இதற்கு மேல் அடர்தீவனத்தை ஏற்றக் கூடாது. மொத்த உலர்பொருளில் பாதியைச் சுற்றியே இருக்கட்டும், 60 சதவீதத்தைத் தாண்டவே வேண்டாம். நார் குறைந்தால் அசை போடுவது குறையும், அசை குறைந்தால் உமிழ்நீர் குறையும், வயிற்றில் அமிலம் ஏறும், பாலில் கொழுப்பும் இறங்கும். ஏழரை கிலோவை இரண்டு வேளையாகக் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வைப்பதும் இதற்காகத்தான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், ஆசையாகக் கொடுத்த ஒரு பானைப் பொங்கல் மாட்டின் வயிற்றை என்ன செய்யும் என்று. குழு மாற்றும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் இரண்டு மூன்று நாளுக்கு அரைக் கிலோ என்று போகலாம்.

அவிழ்த்துவிட்ட மாடுகளைக் குழு மாற்றும்போது ஒன்றை மட்டும் தனியாகத் தள்ளாதீர்கள். புதிதாக வந்ததை மற்றவை முட்டித் தீர்த்துவிடும். இரண்டு மூன்றைச் சேர்த்து, மாலைக் கறவை முடிந்து வெயில் தாழ்ந்த பிறகு, காடியில் புதுத் தீனி கொட்டும் நேரத்தில் மாற்றினால் எல்லாம் தின்பதில் மும்முரமாக இருக்கும், சண்டை குறையும். எப்படி மாற்றினாலும் இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டாம். இதற்காகவே அடிக்கடி மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும். நாங்கள் மாதம் ஒரு முறைக்கு மேல் மாற்றுவதில்லை.

குழு பிரித்ததில் நாங்கள் எதிர்பார்க்காத சில சௌகரியங்களும் கிடைத்தன. பருவத்துக்கு வரவேண்டிய மாடுகள் எல்லாம் பெரும்பாலும் சிவப்பில் ஒரே இடத்தில் நிற்பதால், காலையும் ராத்திரியும் பத்து நிமிஷம் அங்கே நின்றால் கத்துவதும் வழும்புவதும் (பின்புறம் சளி போல ஒழுகுவது) கண்ணில் பட்டுவிடுகிறது. கறவை வரிசையும் ஒழுங்கானது. தலையீத்து முதலில், பிறகு சிவப்பு, மஞ்சள், பச்சை, மடிநோய் கண்ட மாடு எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒரு மாட்டின் மடியிலிருந்து கை வழியாக இன்னொரு மாட்டுக்கு நோய் போவது இதனால் குறைந்திருக்கிறது. பச்சைத் துணிக்கு வந்தும் சினை பிடிக்காத மாடு எது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. அதை வைத்துக்கொள்வதா விற்பதா என்ற முடிவைத் தள்ளிப்போட முடியாது.

ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே கொள்கையைக் கொண்டுபோன முயற்சி ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் 2012-இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், சரிவிகிதத் தீவனத் திட்டம் என்று ஒரு பகுதி இருந்தது. காதில் 12 இலக்க எண் தோடு போட்ட மாட்டை ஊர்ப் பணியாளர் வந்து டேப்பால் அளப்பார். பால் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, வீட்டில் என்னென்ன தீவனம் இருக்கிறது என்று கேட்டுக் கணினியில் போட்டு, அந்த மாட்டுக்கு மட்டுமான மலிவான தீவன அளவைச் சொல்வார். உங்கள் ஊரில் அப்படி யாராவது பயிற்சி பெற்றவர் இருந்தால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களிலும் தீவனக் கணக்கு போடக் கற்றுத்தருகிறார்கள், தாது உப்புக் கலவையும் வாங்கலாம்.

கடைசியாகக் கோடை. சித்திரையில் கிணறு இறங்கி, புல் பாதியாகிவிடும். அப்போது இருக்கிற பசுந்தழையை எல்லா மாட்டுக்கும் ஒரு கைப்பிடி என்று பங்கு வைக்கத்தான் மனசு வரும். எங்கள் வழக்கம் இப்போது வேறு. கன்று போட்டு இரண்டு மாதம் ஆகாத மாட்டுக்கு முதலில், மிச்சம் இருந்தால் சிவப்பில் மற்றவற்றுக்கு. பச்சைக்கும் வற்றிய மாட்டுக்கும் தட்டும் வைக்கோலும், கூடவே தாது உப்பு. வற்றியவற்றில் இன்னும் மூன்று வாரத்தில் கன்று போடப்போகிறது என்றால் அதற்கும் சோளத் தழையில் ஒரு பங்கு உண்டு. பகலில் வெயிலுக்கு மாடு தின்னாது என்பதால் சிவப்புக்கு விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு பங்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பங்கு. ஒன்பது மணிப் பங்கை இன்றும் அம்மாதான் வைக்கிறார். டார்ச்சை அடித்து முதலில் துணியின் நிறத்தைப் பார்ப்பார், பிறகு சட்டியின் உள்ளே இருக்கும் கோட்டை.